சர்க்கரை சேர்க்காத மல்டு ஒயின்: செய்பவர்களின் குறிப்புகள்

மல்டு ஒயினில், அதாவது மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயினில், கார்ப் (கார்போஹைட்ரேட்) ஏறுவது ஒயினால் அல்ல, நாம் கூடக் கொட்டுவதால். ஐரோப்பிய லேபிள் விதிப்படி 'டிரை' (இனிப்பில்லாத) ஒயினில் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைதான் இருக்கலாம். புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 வரை விடுவார்கள். 4 என்றே வைத்துக்கொண்டாலும் 750 மில்லி பாட்டிலுக்கு 3 கிராம்தான். அதே பாட்டிலில் வழக்கமான செய்முறைப்படி 100 கிராம் சர்க்கரையும் 200 மில்லி ஆரஞ்சுச் சாறும் (அதில் மட்டும் சுமார் 20 கிராம்) சேர்த்தால், கோப்பைக்கு 20 கிராம் ஆகிவிடுகிறது.

ஒரு பாட்டிலுக்கு, ஆறு சிறு கோப்பை வரும் அளவு:

தண்ணீர் 200 மில்லி, விரல் நீளப் பட்டை 2, கிராம்பு 6, அன்னாசிப்பூ 1, தட்டிய ஏலக்காய் 3, ஒரு ஆரஞ்சின் மேல்தோல், எரித்ரிட்டால் (சர்க்கரைக்கு மாற்றான இனிப்பூட்டி) 35 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. ஒயினைத் தவிர எல்லாவற்றையும் மூடி, சிறு தீயில் 12 நிமிடம். வடிகட்டிய பிறகு ஒயினை ஊற்றி 70 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் சூடாக்க வேண்டும். ஆவி எழ வேண்டும், கொதி வரக் கூடாது.

மசாலாவைத் தண்ணீரில் தனியாகக் காய்ச்சுவதுதான் இதில் முக்கியம். அதன் சாறு இறங்க நல்ல கொதி வேண்டும். ஒயினுக்குக் கொதி ஆகாது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து வைத்தால் ஒன்று கெட்டே தீரும்.

* * *

ஆரஞ்சுத் தோல் பற்றி ஒரு வரி கூடச் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு சீவும் பீலரால் மேலாக எடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும், அந்தக் கசப்பை மறைக்கத்தான் பலரும் சர்க்கரையைக் கூட்டுகிறார்கள். பழத்தை வட்டமாக நறுக்கிப் போடுவது பார்க்க அழகு. ஆனால் சூட்டில் அதன் சாறும் இறங்கும், கசப்பும் இறங்கும். அழகு வேண்டுமென்றால் பரிமாறும்போது கோப்பை விளிம்பில் ஒரு சுருள் தோல் போதும்.

மசாலாவைப் பொடியாகப் போடவே வேண்டாம். கலங்கும், வடிகட்ட முடியாது. பட்டைத்தூள் போட்டால் வழவழப்பும் வந்துவிடும்.

* * *

எந்த ஒயின் என்று யாரும் சொல்லவில்லையே? வெள்ளை ஒயினில் செய்யலாமா?

* * *

செய்யலாம். வெள்ளையில் துவர்ப்பு குறைவு என்பதால் இனிப்பும் குறைவாகவே தேவைப்படும். எரித்ரிட்டால் 25 கிராம் போதும், கிராம்பு மூன்று. அதற்கு மேல் போனால் கிராம்பு மட்டுமே தெரியும்.

சிவப்பு என்றால் பழச்சுவை தூக்கலாகவும் துவர்ப்பு மிதமாகவும் உள்ள திராட்சை வகையை எடுங்கள்: மெர்லோ, கிரெனாஷ், இளம் டெம்ப்ரனியோ. ஓக் பீப்பாயில் நெடுநாள் கிடந்த விலையுயர்ந்த பாட்டிலை இதற்கு வீணாக்காதீர்கள். சூட்டில் மரச்சுவையும் துவர்ப்பும் முன்னால் வந்து நிற்கும், சர்க்கரை இல்லாததால் அதை மறைக்க ஒன்றும் இருக்காது. 'ரெட் பிளெண்ட்' (பல திராட்சை வகைகளின் கலவை) என்ற பெயரில் வருபவற்றில் கவனம் தேவை. சிலவற்றில் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், நாக்கில் பழச்சுவை என்றே தோன்றும்.

போர்ட் (பிராந்தி கலந்த இனிப்பு ஒயின்) சேர்க்கச் சொல்லும் செய்முறைகளை ஒதுக்கிவிடுங்கள். போர்ட்டில் லிட்டருக்கு சுமார் 100 கிராம் சர்க்கரை. ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மதுவான ஆரஞ்சு லிக்கரும் அப்படித்தான். வீரியம் வேண்டுமானால், அடுப்பை அணைத்த பிறகு இனிப்பு சேர்க்காத பிராந்தி 40 மில்லி. அதில் கார்ப் கிடையாது.

* * *

இனிப்பூட்டிகளைப் பற்றி: எரித்ரிட்டால், சர்க்கரையின் இனிப்பில் மூன்றில் இரண்டு பங்குதான். அதற்காக 100 கிராம் போடக் கூடாது. நாக்கில் புதினா போல ஒரு குளிர்ச்சி வரும், சூடான பானத்தில் அது விநோதமாக இருக்கும். பலருக்கு வயிற்றையும் கலக்கும். 35 கிராமோடு நிறுத்தி, குறைவதை ஸ்டீவியா சில துளிகளால் ஈடுகட்டலாம். ஸ்டீவியா மட்டும் போட்டால் அதன் பின்கசப்பும் ஒயினின் துவர்ப்பும் கைகோத்துக்கொள்ளும். மால்டிட்டால் வேண்டாம், ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சைலிட்டால் நன்றாகவே பொருந்தும், ஆனால் நாய்க்கு அது விஷம். வீட்டில் நாய் இருந்தால் கோப்பைகளை எங்கே வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

எரித்ரிட்டால் பற்றி இன்னொன்று: ரத்தத்தில் அதன் அளவு கூடியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் என்று 2023-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அது காட்டியது தொடர்பைத்தான், காரணத்தை நிரூபிக்கவில்லை. இதய நோய் உள்ளவர்கள் ஸ்டீவியாவையும் வெனிலாவையும் வைத்துச் சமாளிக்கலாம்.

* * *

இனிப்பு சரியாக அமைந்தும் தண்ணீர் போல இருக்கிறது என்பதுதான் அடிக்கடி வரும் புகார். சர்க்கரை இனிப்பு மட்டும் தருவதில்லை, கனத்தையும் தருகிறது. கெட்டியாக்க சாந்தன் கம் என்ற பொடியைப் போடச் சொல்வார்கள். கால் கிராம் கூடினாலே கொழகொழப்பு, எனக்கு அதில் உடன்பாடில்லை. அரை வெனிலா காயைக் கீறி மசாலாத் தண்ணீரில் போடுவது மேல். கனம் கூடாவிட்டாலும் இனிப்பு கூடியதுபோல் நாக்கு ஏமாறும். முதல் பதிவில் சொன்ன உப்பும் இதற்குத்தான், அது கசப்பை அமுக்கும். புளிப்பைக் குறைக்க சமையல் சோடா போடும் வேலை வேண்டாம்: சிவப்பு நிறம் நீலம் பாய்ந்து மங்கிவிடும்.

* * *

பாத்திரம் எவர்சில்வர் அல்லது எனாமல். இரும்பில் வைத்தால் ஒயினுக்குத் துவர்ப்புத் தரும் டானினும் இரும்பும் சேர்ந்து கறுத்து, ரத்தம் போன்ற சுவை வரும். பூச்சில்லாத அலுமினியமும் ஆகாது.

சூடு விஷயத்தில் ஒரு திருத்தம். 'ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், அதற்குக் கீழே வைத்தால் ஒன்றும் போகாது' என்பார்கள். 78 என்பது தூய எத்தனாலுக்கு. ஒயின் கொதிப்பது 90-ஐத் தாண்டித்தான்; ஆனால் திறந்த பாத்திரத்தில் 70-லும் ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் மூடி அவசியம். விருந்து நீளும் என்றால் ஸ்லோ குக்கரில் 'வார்ம்' நிலையில் வையுங்கள். 'லோ' என்றாலே நேரம் ஆக ஆகக் கொதிநிலையை நெருங்கிவிடும். கொதிக்கவைத்தால் ஆல்கஹால் எல்லாம் போய்விடும் என்றும் நம்ப வேண்டாம்: கால் மணி நேரம் கொதித்தாலும் ஆல்கஹாலில் ஐந்தில் இரண்டு பங்கு மிஞ்சும் என்பது அமெரிக்க வேளாண் துறை அட்டவணையின் கணக்கு. 'கொதித்ததுதானே' என்று குழந்தைக்கோ வண்டி ஓட்டுபவருக்கோ நீட்டக் கூடாது.

* * *

கூட்டத்துக்குச் செய்யும்போது மசாலாவை அப்படியே பெருக்கக் கூடாது. மூன்று பாட்டிலுக்கு மசாலா இரண்டு மடங்கு போதும், அன்னாசிப்பூ ஒன்றே போதும்.

மிஞ்சியதை மூடி ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். அடியில் கண்ணாடித் தூள் போல ஏதாவது படிந்தால் பயப்பட வேண்டாம், குளிரில் ஒயினில் இருக்கும் டார்ட்டர் உப்பு படிகமாகிறது, சூடாக்கினால் பெரும்பாலும் கரையும்.

* * *

நீரிழிவு உள்ளவர்களுக்கு: கார்ப் குறைவு என்பதால் தாராளமாகக் குடிக்கலாம் என்று ஆகாது. கல்லீரல் ஆல்கஹாலைக் கவனிக்கும் நேரத்தில் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். இன்சுலினோ, கிளிமிபிரைட் வகை மாத்திரையோ எடுப்பவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், அதுவும் சில மணி நேரம் கழித்து, தூக்கத்தில். இனிப்பான மல்டு ஒயினைவிட இதில் அந்த ஆபத்து கூடுதல். சாப்பாட்டோடு ஒரு கோப்பை, படுக்கும் முன் ஒரு முறை சர்க்கரை அளவு பார்ப்பது நல்லது.

கலோரியும் பூஜ்யம் அல்ல. 13 சதவீத ஒயின் 150 மில்லியில் ஆல்கஹால் மட்டுமே 15 கிராம், அதிலிருந்தே நூற்றுச் சொச்சம் கலோரி வந்துவிடும்.

* * *

குடிக்காதவர்களுக்கு ஆல்கஹால் நீக்கிய ஒயின் வாங்குபவர்கள் லேபிளைப் பாருங்கள், பலவற்றில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். செம்பருத்தி வகையைச் சேர்ந்த ரோசெல் செடியின் உலர்ந்த புளிப்பு இதழ், ஹைபிஸ்கஸ் டீ என்று விற்பது, 15 கிராம் எடுத்து 800 மில்லி வெந்நீரில் 8 நிமிடம் ஊறவைத்து, அதே மசாலாத் தண்ணீரைச் சேர்த்தால் நிறமும் புளிப்பும் கிடைத்துவிடும். துவர்ப்புக்கு ஒரு பை கறுப்புத் தேயிலை, மூன்று நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும்.