அஜிலிட்டி ஷோவில் ரிங் பார்ட்டிக்கு என்ன கொடுத்தால் நியாயம்?

டனல்வாசல் (கேள்வி):
வணக்கம். இங்கிலாந்தில் கென்னல் கிளப் (நாய்களுக்கான அமைப்பு) விதிப்படி நடக்கும் ஒருநாள் அஜிலிட்டி ஷோ, அதாவது நாய்கள் தடைகளைத் தாண்டி ஓடும் போட்டி. இரண்டு ரிங் (போட்டிக் களம்), ரிங்குக்கு நான்கு கிளாஸ் (போட்டிப் பிரிவு), ரிங்குக்குச் சுமார் 300 ஓட்டம். ரிங் பார்ட்டிக்கு, அதாவது ரிங்கில் உதவிக்கு வரும் எல்லோருக்கும் ஒரு சாப்பாட்டு டோக்கன், ஒரு ராஃபிள் சீட்டு என்பதுதான் இப்போதுள்ள வழக்கம். விடிகாலையில் வந்து தடைகளை இறக்கி, சாயங்காலம் வேலி சுருட்டும்வரை நிற்பவருக்கும் அதேதான்; அரை மணி நேரம் லீட் (நாயின் கயிறு) எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுபவருக்கும் அதேதான். முழுநாள் நிற்கும் ஆட்கள் வருஷா வருஷம் குறைகிறார்கள். ஓட்டத்துக்கு 50 பென்ஸ் வீதம் இதற்கென்று ஒதுக்க கமிட்டி சம்மதித்திருக்கிறது. எப்படிப் பிரிக்கலாம்? ரொக்கமாகவே கொடுத்துவிட்டால் என்ன?

ஏழாம்கிரேடு:
ஆளை எண்ணுவதை விட்டுவிட்டு நேரத்தை எண்ணுங்கள். ஒரு நாய் ஓடி முடித்து அடுத்தது கோட்டில் வந்து நிற்க 75 விநாடி என்று வையுங்கள். 300 ஓட்டத்துக்கு 6 மணி 15 நிமிடம். கோர்ஸ் (தடைகளின் வரிசை) மாற்றவும், போட்டியாளர்கள் அதை நடந்து பார்க்கவும் கிளாஸுக்கு 20 நிமிடம் வீதம் இன்னொரு 80 நிமிடம். கிட்டத்தட்ட ஏழரை மணி நேரம். ஒன்றரை மணி ஷிஃப்டாக வெட்டினால் ஐந்து ஷிஃப்ட்.

ஷிஃப்டுக்கு எட்டுப் பேர் வேண்டும்: ரிங் மேனேஜர், காலர் (ஓட வேண்டியவர்களை அழைப்பவர்), ஸ்கிரைப் (ஜட்ஜ் காட்டும் பிழைகளை எழுதுபவர்), டைமர், ஸ்கோர் தாளைக் கொண்டு ஓட ஒருவர், லீடுக்கு ஒருவர், விழுந்த கம்பத்தை எடுத்து வைக்க இரண்டு பேர். ரிங்குக்கு 40, மொத்தம் 80 ஷிஃப்ட். உங்கள் கையில் இருப்பது 600 × 50 பென்ஸ் = 300 பவுண்டு. ஷிஃப்டுக்கு 3 பவுண்டு டோக்கன் என்றால் 240 போகிறது. மீதி 60ஐ யாரும் கை தூக்காத வேலைக்கு வையுங்கள். டாக்வாக், ஏ-ஃபிரேம் போன்ற பெரிய தடைகள் எல்லாம் தனியாளாகத் தூக்கும் சாமான் இல்லை. காலையில் டிரெய்லரிலிருந்து இறக்கப் பத்துப் பேர், மாலையில் ஏற்றப் பத்துப் பேர், தலைக்கு ஒரு டோக்கன். சரியாக 60.

டோக்கனை ஷிஃப்ட் முடிந்ததும் ரிங் மேனேஜரே கையில் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே கொடுத்தால் பாதியில் ஆளைக் காணோம். செயலாளர் கூடாரத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், கூச்சப்படுகிறவர் வாங்காமலே போய்விடுவார். அவர்தான் பெரும்பாலும் நாள் முழுக்க நின்றவர். வரிசை எண் போட்டு, ஷோவுக்கு ஒரு நிறத் தாளில் அடியுங்கள். வெள்ளைத் தாள் என்றால் யாரும் நகலெடுத்துவிடலாம்.

ராஃபிளை மட்டும் நம்பாதீர்கள். ஷிஃப்டுக்கு ஒரு சீட்டு, மொத்தம் 80 சீட்டு, ஐந்து பரிசு என்று வையுங்கள். நான்கு ஷிஃப்ட் நின்றவருக்கு ஒன்றுமே விழாமல் போக வாய்ப்பு 77 சதவீதம். ஒரே ஷிஃப்ட் பார்த்தவர் பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு போவதை இவர் வெறுங்கையோடு நின்று பார்ப்பார். ராஃபிள் தமாஷுக்கு இருக்கட்டும், கூலிக்கு ஈடாக வேண்டாம்.

கம்பவரிசை:
கணக்குச் சரி. ஆனா எல்லா வேலையும் ஒரே பாரம் இல்லை. ஸ்கிரைப் கண்ணை ஜட்ஜில இருந்து எடுக்கேலாது. ஜட்ஜின்ர விரிச்ச கை எண்டா 5 பிழைப் புள்ளி, பொத்தின கை எண்டா ரெஃபியூசல் (நாய் தடையை மறுத்தது), ரெண்டு கையையும் குறுக்கால பிடிச்சா எலிமினேஷன் (போட்டியில இருந்து நீக்கம்). குனிஞ்சு ஒண்டை எழுதி நிமிருறதுக்குள்ள மற்றக் கை எழும்பி இறங்கியிருக்கும். தாளைப் பாக்காமலே எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும். அதில ஒன்றரை மணித்தியாலம் இருத்தினா கடைசியில பிழை வரும்; பிறகு ஓடின ஆள் வந்து சண்டை பிடிக்கும். அந்தக் கதிரைக்கு 45 நிமிசம் காணும், டோக்கன் முழுசாக் குடுங்கோ. இதால ரிங்குக்கு அஞ்சு டோக்கன் கூடும், ரெண்டு ரிங்குக்கும் 30 பவுண்டு. கமிட்டியிட்ட முதலே சொல்லி வையுங்கோ.

லீட் எடுக்கிறது லேசான வேலை, புது ஆக்களுக்கு அதைக் குடுக்கலாம். கம்பம் எடுக்கிறவை கூடின நேரம் கதிரையிலதான் இருப்பினம். நாய் தாண்டுற கம்பத்தின்ர உயரம் 60, 50, 40, 30 சென்ரிமீற்றர் எண்டு மாறேக்கதான் அவைக்கு ஓட்டம். அந்த நேரம் வரிசையில நிக்கிறவையும் வந்து கை குடுத்தா ரெண்டு நிமிசத்தில முடியும்.

ஆனா உதவிக்கு வாற ஆக்கள் கேக்கிறது காசில்லை. தன்ர நாய் ஓடுற கிளாஸுக்கு கோர்ஸ் நடக்க விடவேணும். ரெண்டாம் ரிங்கில கம்பம் எடுத்துக்கொண்டிருக்கிறவருக்கு முதலாம் ரிங் நடை தவறினா, 3 பவுண்டு இல்லை 30 பவுண்டு குடுத்தாலும் அடுத்த முறை வரமாட்டார். ரெண்டு ரிங் மேனேஜரிட்டயும் வோக்கி-ரோக்கி இருந்தா நடை துவங்க முதல் ஆளை மாத்தி விடலாம். காலரிட்ட உதவியாளர் பேர்ப் பட்டியல் இருக்கட்டும். அவை வந்தா வரிசையை வெட்டி உடன ஓட விடுங்கோ.

இன்னொண்டு, நிழல். ரிங்குக்குக் கிட்ட மரத்தடியில நாலைஞ்சு கார் நிக்கிற இடத்தைக் கயிறு கட்டி முழுநாள் ஆக்களுக்கு ஒதுக்குங்கோ. ஜூன், ஜூலை வெயிலில நாயைக் காரில விட்டிட்டு ஒருத்தரும் நிம்மதியா நிக்கமாட்டினம். சதக் காசு செலவில்லை, இதுக்கு இருக்கிற மவுசு டோக்கனுக்கு இல்லை.

இருபது_இன்ச்:
அமெரிக்காவில் ஏ.கே.சி. (அமெரிக்கன் கென்னல் கிளப்) ட்ரையல்களில், அதாவது போட்டிகளில், பல கிளப்புகள் கிளாஸ், உயரம் இரண்டையும் வைத்தே வேலையைப் பிரிக்கின்றன. இங்கே உயரம் 4, 8, 12, 16, 20, 24 இன்ச். 20 இன்ச் தாண்டும் நாய் வைத்திருப்பவர் 8, 12 ஓடும்போது சும்மாதான் இருப்பார். மாஸ்டர் (உயர்நிலைப் பிரிவு) ஓடும்போது நோவிஸ்காரர்களுக்கு (தொடக்கநிலைப் பிரிவு) வேலையில்லை. சுவரில் ஒரு பெரிய தாள், குறுக்கே வேலைகள், நெடுக்கே கிளாஸும் உயரமும். அவரவரே வந்து பெயர் எழுதிக்கொள்ளலாம். ஒரு கட்டத்துக்கு ஒரு வவுச்சர். "கொஞ்சம் உதவி பண்ண முடியுமா" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். "16 இன்ச் முடியும்வரை லீஷ்" (நீங்கள் சொல்லும் லீட்) என்றால் வந்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. வவுச்சரை அடுத்த ட்ரையலின் நுழைவுக் கட்டணத்தில் கழிக்கலாம் என்று விட்டால், அது கிளப்பின் தலையில் இருக்கும் கடன். மூன்று ட்ரையல் சேர்த்து வைத்து ஒரே நாளில் பத்துப் பேர் நீட்டினால் அன்றைக்கு வரவு படுத்துவிடும். 12 மாதக் கெடுவைத் தாளிலேயே அச்சடியுங்கள். கொடுத்தது எத்தனை, திரும்பியது எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

டனல்வாசல்:
அருமை. போட்டிக்கு நாயே இல்லாத உதவியாளர்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்களுக்கு நுழைவுக் கட்டணக் கழிவால் என்ன பயன்? ரொக்கம் பற்றியும் யாரும் சொல்லவில்லையே.

பொருளாளர்_மூலை:
ரொக்கம் வேண்டாம். பிரிட்டனில் தன்னார்வலருக்குக் கைச்செலவைத் திருப்பித் தரலாம்: பயணம், சாப்பாடு போன்றவை. அதற்கு மேல் சம்பளமாகவோ சலுகையாகவோ ஏதாவது தந்தால், அவரைச் சட்டப்படி தொழிலாளியாகக் கருத இடமுண்டு. அப்புறம் குறைந்தபட்ச ஊதியம் வரை பேச்சு போகும். அதனால் "ஷிஃப்டுக்கு 3 பவுண்டு சம்பளம்" என்கிற தொனி அறிவிப்பில் எங்கும் வரக்கூடாது. டோக்கனைச் சாப்பாட்டுச் செலவாகவே வையுங்கள். நுழைவுக் கட்டணக் கழிவு அப்படியில்லை, அது சலுகைக் கணக்கில் போகும். அதை ஆரம்பிக்கும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய் இல்லாதவர்களுக்குப் பெட்ரோல் செலவுதான் பொருத்தம். சொந்தக் காரில் வருபவருக்கு மைலுக்கு 45 பென்ஸ் வரை கொடுத்தால் வரிப் பேச்சு வராது. போக வர 40 மைல் என்றால் 18 பவுண்டு. ஒரு சின்னப் படிவம்: தேதி, எங்கிருந்து, எத்தனை மைல், கையெழுத்து. இது 300க்குள் அடங்காது, தனித் தலைப்பில் போடுங்கள்.

சாப்பாட்டு வேன்காரரிடம் ஷோவுக்கு முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்: டோக்கனின் மதிப்பு 3 பவுண்டு, மீதிச் சில்லறை கிடையாது, கடை மூடியதும் எண்ணிப் பணம். ஒரு பர்கர் 7 பவுண்டு விற்கிற வேனில் 3 பவுண்டு டோக்கன் எதற்கும் ஆகாது. விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு டோக்கன் மதிப்பை முடிவு செய்யுங்கள்.