மறு: வண்ண இசைத்தட்டு, ரீஇஷ்யூ, பிரஸ்ஸிங் – தமிழில் என்ன சொல்வது?

> ‘கலர்டு வினைல்’ என்பதை ‘நிறமூட்டப்பட்ட நெகிழி இசைவட்டு’ எனலாமா?

ஐயா, வணக்கம். எனலாம். ஆனால் கடையில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தட்டை வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இசைத்தட்டுச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலுக்காக மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இந்தச் சின்னப் பட்டணத்தில் பழைய ராக் ஆல்பங்களை வண்ணத்தட்டில் தேடும் ஆள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பக்கத்தில் ஈப்போ, நேரம் கிடைத்தால் பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மால் வாரயிறுதிச் சந்தை. மற்றதெல்லாம் இணையத்தில்தான். 2024 ஜனவரி முதல் வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட பொருளுக்கும் பத்து விழுக்காடு வரி உண்டு. அஞ்சல் செலவு தனி. கேட்டு வாங்கச் சரியான சொல் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘இசைத்தட்டு’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொட வேண்டாம். அதன் அருமை பக்கத்து மொழிகளைப் பார்த்தால் தெரியும். மலாயில் இதற்குப் ‘பிரிங் ஹித்தாம்’ என்று பெயர், அதாவது கறுப்புத் தட்டு. மாண்டரினில் ‘ஹெய் ஜியாவ்’. அதிலும் கறுப்பு உண்டு. பின்னால் வரும் ‘ஜியாவ்’ ரப்பரைக் குறிக்கும் சொல்லிலும் வரும் அதே எழுத்து. ஆகவே சிவப்புத் தட்டு வாங்கினாலும் அவர்கள் ‘சிவப்பு நிறக் கறுப்புத் தட்டு’ என்றுதான் சொல்லியாக வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

‘நிறமூட்டப்பட்ட’ என்பதில் எனக்கு இன்னொரு தடையும் உண்டு. வினைல், அதாவது தட்டு செய்யும் பாலிவினைல் குளோரைடு என்ற நெகிழிக்குத் தன்னளவில் நிறம் கிடையாது. கார்பன் கரியைக் கலப்பதால்தான் தட்டு கறுக்கிறது. நம் தோட்டத்து ரப்பர்ப் பால் டயராகும்போது கறுப்பதும் அதே கரியால்தான். அப்படிப் பார்த்தால் கறுப்புத் தட்டும் நிறமூட்டப்பட்டதே. ‘வண்ண இசைத்தட்டு’ என்று எழுதுவோம், பேச்சில் ‘வண்ணத்தட்டு’ போதும். வண்ணப்படம், வண்ணத் தொலைக்காட்சி என்று பழகிய காதுக்கு விளக்கமே தேவைப்படாது.

> வண்ணம் இப்போதைய மோகம்தானே? அதற்கு நிலையான சொல் எதற்கு?

இப்போதையது இல்லை, அக்கா. 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் தட்டைக் கொண்டுவந்தபோதே இசை வகைக்கு ஒரு நிறம் வைத்தார்கள். கன்ட்ரிக்குப் பச்சை, செவ்வியலுக்குச் சிவப்பு, சிறுவர் பாட்டுக்கு மஞ்சள். நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன என்று தெரிந்துகொள்ளலாம். ராக் பக்கம் வந்தால் 1973இல் கிராண்ட் ஃபங்க் தங்கள் ‘வீ ஆர் அன் அமெரிக்கன் பேண்ட்’ ஆல்பத்தைப் பொன்மஞ்சளில் விட்டார்கள். 1978இல் கேப்பிட்டல் நிறுவனம் பீட்டில்ஸின் 1962–1966 தொகுப்பைச் சிவப்பிலும், 1967–1970 தொகுப்பை நீலத்திலும், ‘வெள்ளை ஆல்பத்தை’ வெள்ளையிலும் போட்டது. உறைக்கும் தட்டுக்கும் பொருத்தம் இருந்தது. 2024இல் ஏசி/டிசி தங்கள் ஐம்பதாம் ஆண்டுக்குப் பழைய ஆல்பங்களைப் பொன்னிறத்தில் வெளியிட்டார்கள். அதில் ‘பேக் இன் பிளாக்’ கூட உண்டு! தலைப்பில் கறுப்பு, உறை முழுக்கக் கறுப்பு, உள்ளே தங்கம். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வாங்கினேன் என்பது வேறு விஷயம்.

> ரீஇஷ்யூ = மறுபதிப்பு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

விவாதமே இதில்தான். வண்ணத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. இங்கே சொல் குழம்பினால் வாங்குகிறவர் கைக்காசு போகும்.

‘மறுபதிப்பு’ என்ற ஒரே சாக்குக்குள் மூன்று காரியங்களைக் கட்டிவைத்திருக்கிறோம். பழைய ஆல்பத்தை நிறுவனம் திரும்பச் சந்தைக்குக் கொண்டுவந்தால் அது மறுவெளியீடு. மூல ஒலிநாடாவை எடுத்து ஒலியைத் திரும்பச் செப்பம் செய்வது (ரீமாஸ்டர்) வேறு. லெட் செப்பெலின் ஆல்பங்களை 2014 முதல் அந்தக் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் அப்படிச் செய்து கொண்டுவந்தார். இதற்கு ‘மறுசெப்பம்’ என்று முன்மொழிகிறேன். மறுவெளியீடு எல்லாமே மறுசெப்பம் ஆகாது. வண்ணத்தைப் பளபளவென்று மாற்றிவிட்டு உள்ளே பழைய ஒலியையே வைத்து விற்பதும் நடக்கிறது. குற்றமில்லை, ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, தட்டை எடுக்கும் வேலை. சென்னை நண்பர் இதற்கு ‘வார்ப்பு’ என்றார். வார்ப்பு என்றால் உருக்கி ஊற்ற வேண்டும். இங்கே ஊற்றுவது கிடையாது. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு நிக்கல் தகடுகள். நடுவே சூடான வினைல் வில்லை. அதன் இரு பக்கமும் காகித நடுச்சீட்டு (லேபிள்). நீராவிச் சூட்டில் இயந்திரம் நெரிக்கும். ரப்பர் ஷீட்டு மெஷினுக்குள் போய் வரும்போது வரி விழுமே, அப்படி இரு பக்கமும் சேர்ந்தாற்போல் ஊசி ஓடும் வரி விழும். சீட்டுக்குப் பசைகூடக் கிடையாது, அந்த அழுத்தத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஆக, அந்தத் தகடு ‘அச்சுத்தகடு’, பிரஸ்ஸிங் ‘அச்சு’. முதல் முறை எடுத்தது ‘முதலச்சு’, பிறகு எடுத்தது ‘மறுவச்சு’.

முதலச்சு என்ற சொல் ஏன் முக்கியம்? பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைடு ஆஃப் தி மூன்’, 1973, இங்கிலாந்துத் தட்டு. முதலச்சில் நடுச்சீட்டின் முக்கோணம் முழுக்க நீலம் நிரம்பியிருக்கும். பின்னால் வந்தவற்றில் முக்கோணத்தின் கோடு மட்டும்தான். பாட்டு அதே பாட்டு, ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்த ஊரில் இன்னொரு குழப்பமும் சேரும். இங்கே ‘ஓரி’ (ஒரிஜினல்) என்றால் திருட்டுப் பிரதி இல்லை என்று பொருள். விற்கிறவர் நேர்மையாகத்தான் “ஓரிண்ணே, சத்தியமா ஓரி” என்பார். வாங்குகிறவர் முதலச்சு என்று நினைத்துக்கொள்வார். இருவருமே பொய் சொல்லவில்லை, சண்டை மட்டும் நிச்சயம்.

> லிமிடெட் எடிஷன் = வரையறுக்கப்பட்ட பதிப்பு

படிக்கும்போதே கம்பெனிப் பெயருக்குப் பின்னால் வரும் செண்டிரியான் பெர்ஹாட் (பிரைவேட் லிமிடெட்) ஞாபகம் வருகிறது, ஐயா. ‘குறும்பதிப்பு’ என்றால் குறும்படம் மாதிரி நீளம் குறைந்தது என்று ஆகிவிடும். ‘அரும்பதிப்பு’ என்றால் அது விற்பவரின் விளம்பரம். நான் ‘எண்வரம்புப் பதிப்பு’ என்பேன். 1977இல் வந்த குயீனின் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ நாற்பதாம் ஆண்டில் படத்தட்டாக (தட்டிலேயே படம் பதித்தது) வந்தபோது 1977 பிரதிகள்தான் என்று அறிவித்தார்கள். அது எண்வரம்பு. உறையின் மேல் ஒரு ஸ்டிக்கரில் ‘லிமிடெட்’ என்று மட்டும் போட்டு, எத்தனை என்று வாயே திறக்காததற்கு இந்தச் சொல்லைத் தரக் கூடாது. அது வெறும் வண்ணப் பதிப்பு.

படத்தட்டுக்கு மறுபேச்சு இல்லை, அப்படியே இருக்கட்டும். படத்தின் மேல் மெல்லிய ஏட்டில்தான் வரி விழுகிறது என்பதால் இரைச்சல் கூடும். சுவரில் மாட்ட நன்றாக இருக்கும்.

ஸ்பிளாட்டர் மட்டும் பாக்கி. கையில் ஒன்றை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பால்வெள்ளைத் தட்டில் சிவப்பு. நடுச்சீட்டின் ஓரத்தில் புள்ளி தடித்து, வெளி விளிம்பை நோக்கிப் போகப் போக இழையாய் மெலிகிறது. யாரும் இதில் சாயம் தெளிக்கவில்லை. வில்லையின் மேல் வேறு நிறக் குருணையைத் தூவி நெரிக்கிறார்கள். உருகிய வினைல் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும்போது நிறத்தையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அதனால்தான் ஒன்றைப் போல் இன்னொன்று வருவதில்லை. என்றாலும் கண்ணுக்குத் தெறித்தது போல்தான் தெரிகிறது. ‘தெறிதட்டு’ என்று வைப்போமா?

– சுங்கை சிப்புட்

* * *

> ‘தெறிதட்டு’ என்று வைப்போமா?

வேண்டாம் தம்பி. எங்கள் கூலிமில் ‘தட்டு தெறிச்சிருச்சு’ என்றால் கீழே விழுந்து உடைந்தது என்று அர்த்தம். பார்சல் பிரிக்கிற நேரத்தில் அந்தச் சொல் காதில் விழவே கூடாது. ‘தெறிவண்ணத் தட்டு’ என்று வண்ணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

– கூலிம் அக்கா

* * *

> பிறகு எடுத்தது ‘மறுவச்சு’

இலக்கணப்படி சரி. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘மறுபடி வச்சு’ என்பது போல் கேட்கிறது. ‘மீளச்சு’ எப்படி? மீள் என்பதோடு அச்சு இயல்பாகச் சேர்கிறது. ‘நிறமூட்டப்பட்ட’ என்பதை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கரியைக் காட்டிய பிறகு அது நிற்காது.

– கோவையிலிருந்து

* * *

மீளச்சு அருமை, ஐயா. வாயில் சட்டென்று உட்காருகிறது. அக்கா சொன்ன தெறிவண்ணத் தட்டும் ஏற்புதான்.

மிச்சம் ஒன்று. கடைசிப் பாட்டு முடிந்து நடுச்சீட்டு தொடங்கும் வரை பாட்டு இல்லாத வளையம் ஒன்று இருக்கிறதே, ஆங்கிலத்தில் ‘டெட் வேக்ஸ்’ என்பார்கள். தனிமடலில் ஒருவர் ‘இறந்த மெழுகு’ என்று அனுப்பியிருக்கிறார். அவரை இங்கே காட்டிக்கொடுக்க மாட்டேன். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் அச்சு எண்ணும், சில தட்டுகளில் வரி வெட்டியவரின் கையெழுத்தும் கீறலாய்த் தெரியும். முதலச்சா மீளச்சா என்று முடிவு சொல்வது பெரும்பாலும் அந்த இடம்தான். ‘எண்வளையம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். புதன்கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

– சுங்கை சிப்புட்