மாப்பிள்ளை மோதிர அளவு 10 என்கிறார், பத்தர் சிரிக்கிறார். அவசர உதவி!

வெண்ணாற்றங்கரை (காலை 9.40)
வணக்கம். தங்கைக்கு நிச்சயம் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு மோதிரம் செய்யக் கொடுக்க வேண்டும். அளவு கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் 10 என்று ஒற்றை எண்ணை அனுப்பிவிட்டுப் போய்விட்டார். பத்தரிடம் சொன்னால், "பத்தா? அது பொம்பளப் பிள்ளை அளவு தம்பி, மாப்பிள்ளைக்குச் சுண்டு விரல்லகூட ஏறாது" என்று சிரிக்கிறார். மாப்பிள்ளை நல்ல உயரம், கையும் பெரிசு. யார் சொல்வது சரி? மாலைக்குள் பத்தருக்குச் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

அரிசிலாறு (9.52)
மாப்பிள்ளை இருப்பது எந்த ஊர்? அதைச் சொல்லாமல் 10 என்றால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

நூல்கண்டு (9.58)
எண்ணெல்லாம் வேண்டாம். தையல் நூலை விரலில் ஒரு சுற்று சுற்றி, சேரும் இடத்தில் மையால் புள்ளி வைத்து, ஸ்கேலில் வைத்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எல்லா மோதிரமும் இப்படித்தான் செய்தோம்.

மதகடி (10.05)
எந்த விரல், எந்தக் கை? வெறும் வளையமா, கல் வைத்ததா, எழுத்து மோதிரமா? எத்தனை கிராம்? இதெல்லாம் இல்லாமல் என்ன பதில் சொல்வது?

பொன்னுரை (10.11)
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். மேலே தேடல் பெட்டி எதற்கு வைத்திருக்கிறார்கள்? அமெரிக்க எண்ணை இரண்டால் பெருக்கினால் நம்மூர் எண். 7 என்றால் 14. 10 என்றால் 20. முடிந்தது. இதற்குப் போய் ஒரு தனி விவாத இழை.

வன்னிக்காற்று (10.30)
நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே எண்ணே கிடையாது, A முதல் Z வரை எழுத்துதான், நடுவிலே அரை அளவுகளும் உண்டு. A என்றால் உள் சுற்றளவு 37.5 மி.மீ., ஓர் எழுத்துக்கு 1.25 மி.மீ. கூடும். ஆகவே 10 என்று சொன்னவர் இங்கே இருக்கிற ஆள் இல்லை. ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் என்றால் சுற்றளவையே சொல்லுவினம், 60, 62 என்று வரும். எந்த நாடு என்று முதலிலே கேட்டுச் சொல்லுங்கோ.

அரிசிலாறு (10.44)
ஜப்பானிலும் 10 உண்டு. ஆனால் அங்கே 1 என்பது 13 மி.மீ. விட்டம், ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்றில் ஒரு மி.மீ. கூடும். 10 என்றால் 16 மி.மீ. அதுவும் மெல்லிய கைக்குத்தான். பெரிய கை என்றால் மிஞ்சுவது அமெரிக்க அளவு. கனடாவும் அதேதான்.

வெண்ணாற்றங்கரை (11.20)
மன்னிக்கவும், பத்தர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை கனடா, டொரோண்டோ பக்கம். எழுத்து மோதிரம், பட்டை அகலமாக. அப்ப 20 என்று சொல்லிவிடவா?

கொல்லுலை (11.31)
சொல்லாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். எங்கள் குடும்பம் தலைமுறையாகப் பட்டறை வைத்திருப்பது.

இரண்டால் பெருக்கும் கணக்கு 6, 7 பக்கத்தில் மட்டும்தான் பொருந்தும். அதற்கு மேலே போனால் மோதிரம் சின்னதாகிவிடும், கீழே போனால் பெரிதாகிவிடும். அமெரிக்க எண்ணை 2.55 ஆல் பெருக்கி 36.5 கூட்டுங்கள். அதுதான் உள் சுற்றளவு, மி.மீ. கணக்கில். 7-க்கு 54.4 வரும். நம்மூர் எண் கிட்டத்தட்ட சுற்றளவில் 40 கழித்தது, அதனால் 14. அங்கே பெருக்கல் சரியாக வந்துவிடுகிறது. 10-க்குப் போட்டுப் பாருங்கள், 62 வருகிறது. 40 போனால் 22. நீங்கள் 20 என்று சொன்னால் 60 மி.மீ.தான் கிடைக்கும். 2 மி.மீ. குறைந்தால் முட்டியிலேயே நின்றுவிடும், நிச்சயத்தன்று எல்லார் முன்னாலும் சோப்புத் தண்ணீர் தேட வேண்டியிருக்கும். 5-க்குப் போட்டால் 49.3, அதாவது 9. பெருக்கினால் 10 என்று வருகிறது.

இன்னொன்று. கடைக்குக் கடை எண் ஒன்று முன்பின் போகும். பத்தரிடம் எண்ணே சொல்லாதீர்கள். உள் சுற்றளவு 62, உள் விட்டம் 19.7 என்று மி.மீ.யில் சொல்லுங்கள். அவரிடம் அளவுக் குச்சி இருக்கும், அதில் பார்த்துக்கொள்வார்.

பொன்னுரை (11.40)
ஒன்றிரண்டு மி.மீ.க்கு இவ்வளவு கணிதமா? தங்கம் இளகுகிற பொருள், வேண்டுமானால் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். பட்டறைக்காரர்களுக்கு எளிமையாகச் சொல்லவே வராது.

கொல்லுலை (11.49)
வெறும் வளையம் என்றால் குச்சியில் தட்டிக் கொஞ்சம் நீட்டலாம். எழுத்து மோதிரத்தில் தட்டினால் எழுத்துப் பலகை வளையும். வெட்டித் துண்டு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பட்டை மெலியாமல் 50-லிருந்து (அதாவது நம்மூர் 10) 62-க்குப் போனால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு தங்கம் கூடும். 4 கிராம் மோதிரத்தில் 1 கிராம்.

காசுக்கணக்கு (11.55)
அப்படிப் பெரிதாக்கும்போது மறுபடியும் சேதாரம் போடுவார்களா? எனக்குக் கடையில் முழு எடைக்கும் சேதாரம் போட்டார்கள். இது நியாயமா?

மதகடி (12.02)
கூடின தங்கத்துக்கு மட்டும்தான் போட வேண்டும். முழு எடைக்குப் போட்டால் அது பகல் கொள்ளை.

நூல்கண்டு (12.06)
பத்தரிடம் செய்தால் சேதாரப் பேச்சே இல்லை. கூலி மட்டும்தான்.

பொன்னுரை (12.09)
பத்தரிடம் செய்தால் ஹால்மார்க் எங்கே? ஆறு எழுத்து எண் இல்லாத நகையை 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கவே முடியாது. விவரம் தெரியாமல் பேசாதீர்கள்.

நூல்கண்டு (12.15)
கடையில் விற்பதற்குத்தான் அந்த விதி. நம் தங்கத்தைக் கொடுத்து நமக்குச் செய்துகொள்வதற்கு யார் வந்து கேட்கப் போகிறார்கள்? 2 கிராமுக்குக் கீழே விற்கிற நகைக்குக்கூட விலக்கு உண்டு.

பொன்னுரை (12.18)
நாளைக்கு அடகு வைக்கப் போனால் கேட்பார்கள்.

மதகடி (12.20)
மாப்பிள்ளை மோதிரத்தை அடகு வைக்கிற பேச்சு இப்போது எதற்கு? இழை எங்கே போகிறது பாருங்கள்.

அரிசிலாறு (12.33)
கேள்விக்கு வருவோம். மாப்பிள்ளை அந்த 10 எங்கே பார்த்தார்? கடையில் விரலில் போட்டுப் பார்த்ததா, இணையத்தில் அட்டவணையை அச்செடுத்து மோதிரத்தை வைத்துப் பார்த்ததா? அச்செடுத்தது என்றால் சந்தேகம்தான். "பக்கத்துக்குப் பொருத்து" என்று விட்டால் வட்டமெல்லாம் சுருங்கிவிடும். ஏடிஎம் அட்டையை வைத்துச் சரிபார்க்கலாம், எந்த நாட்டு அட்டையும் நீளவாட்டில் 85.6 மி.மீ. தாளில் வரைந்திருக்கும் அளவுகோல் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்தத் தாளைக் கசக்கிப் போட வேண்டியதுதான்.

பழைய மோதிரத்தை அளப்பதானால் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரைக்கும். வெளிவிளிம்பை அளந்தால் 1.5 மி.மீ. தகட்டில் இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டம் 3 மி.மீ. கூடும். அமெரிக்க எண்ணில் அது மூன்றரைக்கும் மேல்.

நூல்கண்டு (12.40)
நான் முதலிலேயே நூல் என்று சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

கொல்லுலை (12.47)
அண்ணே, நூல் நீளும், இழுக்க இழுக்கச் சதைக்குள்ளும் இறங்கும். ஒரு மி.மீ. தப்பினாலே நம்மூர் எண்ணில் ஒன்று போய்விடும். அரை செ.மீ. அகலத்துக்குத் தாளைக் கிழித்துச் சுற்றி, அது முட்டியைத் தாண்டி வருகிறதா என்று பார்ப்பது மேல்.

கனடாவில் குளிர் நேரத்தில் அளந்திருந்தால் அதையும் கேளுங்கள். குளிரில் விரல் சுருங்கும், நம்மூர் வெயிலில் வீங்கும். பட்டை அகலம் எவ்வளவு? 6 மி.மீ.க்கு மேல் என்றால் அதே அளவே இறுக்கமாகத் தெரியும், வழக்கமாக அரை எண் கூட்டுவோம்.

வன்னிக்காற்று (12.58)
எழுத்து மோதிரத்துக்குக் கூட்ட வேண்டாம் என்றே நினைக்கிறேன். மேலே பாரம் அதிகம், கொஞ்சம் தளர்ந்தாலும் எழுத்து உள்ளங்கைப் பக்கம் திரும்பிவிடும். என்னுடையது T½, அதுவும் கிட்டத்தட்ட இதே 62தான். அரை அளவு கூட்டிச் செய்வித்தேன், நாள் முழுக்கத் திருப்பித் திருப்பி விடுகிறேன்.

கொல்லுலை (1.04)
அதுவும் சரிதான். முட்டி தடித்தவர் என்றால் கூட்டலாம், இல்லையென்றால் 62-லேயே விடலாம். எந்தக் கையில் அளந்தார் என்பதும் வேண்டும். வலது கைக்காரருக்கு வலது விரல் கொஞ்சம் தடித்திருக்கும்.

மதகடி (2.30)
வெண்ணாற்றங்கரை, இருக்கிறீர்களா?

காசுக்கணக்கு (3.15)
அவர் வரும்வரை, அந்தச் சேதாரத்துக்கு யாராவது பதில் சொல்லுங்களேன். ரசீதில் பழைய எடை, புது எடை என்று தனித்தனியாகப் போடச் சொல்லிக் கேட்கலாமா?

மதகடி (3.22)
கேட்கலாம். கொடுக்கும்போதே எடை போட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு கேட்டால் வாய்ச் சண்டைதான்.

வெண்ணாற்றங்கரை (மாலை 6.50)
மாப்பிள்ளை கடையிலேயே போட்டுப் பார்த்ததாம். அவருடைய பழைய மோதிரத்தை வெர்னியரில் அளந்தார், உள்ளே 19.7. பத்தரிடம் 62 என்றேன், "அதைச் சொல்லு முதல்ல" என்று எழுதிக்கொண்டார். எல்லாருக்கும் நன்றி.

கொல்லுலை (6.58)
நல்லது. எந்தக் கை, பட்டை அகலம் எவ்வளவு என்று சொல்லவே இல்லையே?

அரிசிலாறு (இரவு 9.10)
போய்விட்டார் போல.

நெய்தல்மணல் (மறுநாள் காலை 7.25)
இதே மாதிரி எனக்கும் ஒன்று. ஜெர்மனியிலிருந்து அக்கா 17 என்று அனுப்பியிருக்கிறார். மேலே சொன்ன கணக்கில் போட்டால் 80 வருகிறது, வளையல் மாதிரி. எங்கே இடிக்கிறது?

பொன்னுரை (7.31)
புது இழை தொடங்கவும். விதிகளைப் படிக்கவும்.

அரிசிலாறு (7.40)
அங்கே விட்டத்தையே மி.மீ.யில் சொல்வதும் உண்டு. 17 விட்டம் என்றால் சுற்றளவு 53.4, நம்மூரில் 13. ஆனால் அக்காவிடம் அது விட்டம்தானா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். எந்த விரலுக்கு?