ஹொண்டா பிட் 1.3: பிளக் மாற்றிய பின்னரும் இயந்திரம் நடுங்குகிறது

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம். என்னிடம் 2004 ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஹொண்டா பிட் ஒன்று உள்ளது. ஜிடி1 வகை, 1.3 லீற்றர் இயந்திரம், ஓட்டோ கியர். கடந்த இரண்டு மாதங்களாக, காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது, குறிப்பாக ஏசி ஓடிக்கொண்டிருந்தால், ஸ்டியரிங்கும் இருக்கையும் நடுங்குகின்றன. மேற்கொண்டு எடுக்கும்போது வண்டி ஒருமுறை உதறிவிட்டுத்தான் நகர்கிறது. லீற்றருக்கு 13 கிலோமீற்றர் ஓடியது இப்போது 10ஐத் தாண்டுவதில்லை.

முதலில் காட்டிய கராஜில் பிளக்குகளை (பெற்றோலுக்குத் தீ மூட்டும் ஸ்பார்க் பிளக்) மாற்றினார்கள். பற்றுச்சீட்டில் நான்கு பிளக் என்று எழுதப்பட்டுள்ளது. ஒரு வாரம் சற்றுக் குறைந்தது போலிருந்தது, பின்னர் பழையபடியே ஆகிவிட்டது. இரண்டாவது கராஜில் த்ரொட்டில் பொடியை, அதாவது இயந்திரத்துக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதியை, கழுவினார்கள். அங்கே ஸ்கேனரில் பி0303 என்ற குறியீடு வந்தது. அதை அழித்துவிட்டு, பெற்றோல் பம்பை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். பம்பின் விலையைக் கேட்டதும் யோசித்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன்.

இன்றைய விலையில் வேறு வண்டி வாங்குவது என் போன்றவர்களால் இயலாத காரியம். இதையே இன்னும் பல ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க இன்னும் ஆறு வாரங்கள்தான் இருப்பதால் புகைப் பரிசோதனையிலும் தோற்றுவிடுமோ என்ற அச்சம் உள்ளது. பம்பை மாற்றுவதற்கு முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா என்பதை அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (கொட்டாஞ்சேனை)

பம்பைத் தொட வேண்டாம். உங்கள் பற்றுச்சீட்டிலேயே விடை இருக்கிறது: அந்த இயந்திரத்தில் இருப்பவை நான்கு பிளக் அல்ல, எட்டு.

ஜிடி1இல் இருப்பது எல்13ஏ ஐ-டிஎஸ்ஐ இயந்திரம். 1339 சிசி, நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கொயில் (பிளக்குக்கு மின்பொறி தரும் சுருள்). நான்கு பிளக்குகள் இன்டேக் (காற்று உள்ளே போகும்) பக்கத்தில், பொனட்டைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளன. மற்றைய நான்கும் எக்ஸோஸ்ட் (புகை வெளியேறும்) பக்கத்தில், கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பொருத்தப்பட்டிருக்கும் மூடிக்கு அடியில், பயர்வோலை (இயந்திர அறையின் பின்சுவரை) ஒட்டி மறைந்திருக்கின்றன. அதே பிட்டின் 1.5 லீற்றர் வகையில் நான்கு பிளக்குகள் மட்டுமே இருப்பதால், அதில் கைபழகிய பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இதையும் அப்படியே நினைத்துவிடுவதுண்டு. எட்டு என்று தெரிந்தும் பின்வரிசையைக் கழற்றச் சோம்பல்பட்டு முன்வரிசையோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. என் ஹொண்டா பிட் ஏரியா காருக்கும் இதேதான் நடந்தது. முன்வரிசை மூன்று முறை மாறியிருந்தது, பின்வரிசையை ஜப்பானை விட்டு வந்த நாளிலிருந்து எவரும் பார்த்திருக்கவில்லை.

ஒரு சிலிண்டரில் பின்பிளக் செத்துப்போனாலும் முன்பிளக் எரியூட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே இயந்திரம் மூன்று சிலிண்டரில் ஓடுவது போல வெளிப்படையாக அடிக்காது. ஆயினும் இரு முனையிலிருந்தும் தீ பரவும் என்ற கணக்கில் அமைக்கப்பட்ட எரியறையில் ஒரு முனைத் தீ மட்டும் இருந்தால், ஐடிலில் (வண்டி நிற்க இயந்திரம் மட்டும் ஓடும்போது) ஏசியின் சுமை ஏறினால் எரிதல் தள்ளாடும். பி0303 குறியீட்டை, அதாவது மூன்றாம் சிலிண்டரில் மிஸ்பயர் (எரிதல் தவறுதல்) என்பதை, அழித்த பின்னும் நடுக்கம் நீடிப்பதற்கு பெரும்பாலும் இதுவே காரணம். பெற்றோல் அழுத்தம் குறைந்திருந்தால் நான்கு சிலிண்டரும் சேர்ந்துதான் துன்பப்பட்டிருக்கும். ஒன்றை மட்டும் அது தேர்ந்தெடுக்காது.

வேலை கடினமானதல்ல, பொறுமை வேண்டியது. இயந்திரம் முற்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அலுமினியத் தலை சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை கையோடு வந்துவிடும். பற்றரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வைப்பர் கைகளையும், அடுத்து பிளாஸ்டிக் மூடியையும் எடுங்கள். இருபது வருடம் வெயிலில் காய்ந்த கிளிப்புகள் பிஸ்கட் போல உடையும் என்பதால் மாற்றுக் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. வைப்பர் மோட்டாரையும் அதன் இணைப்புக் கம்பிகளையும் சேர்த்துக் கழற்றினால் கை நுழைய இடம் கிடைக்கும். கொயில்களை 10 மில்லிமீற்றர் போல்ட் பிடித்திருக்கிறது. கொயில் வந்ததும் பிளக்கைத் தொடுவதற்கு முன் குழியில் கொம்பிரசர் காற்றை அடித்துத் தூசியையும் இலைத் துகளையும் வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அவை நேரே சிலிண்டருக்குள் போகும்.

16 மில்லிமீற்றர் பிளக் சொக்கெட், ஒரு நீண்ட எக்ஸ்டென்ஷன், ஒரு சிறியது, ஒரு யுனிவர்சல் ஜொயின்ட் ஆகியவை போதும். புதிய பிளக்கை ரட்செட்டால் தொடங்காதீர்கள். சாண் நீளப் பெற்றோல் ஹோஸ் துண்டொன்றைப் பிளக்கின் மேல்முனையில் செருகி, அதை விரல்களால் சுழற்றி மரையில் ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்குமே தவிர மரையைக் கெடுக்காது. கையால் இறுகிய பிறகு டோர்க் ரென்ச்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) 18 நியூட்டன் மீற்றர். மரையில் கிரீஸ் பூசத் தேவையில்லை. பூசினால் அதே அளவில் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

பிளக்குகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு பலகையில் அடுக்கி வையுங்கள். மூன்றாம் சிலிண்டரின் பின்பிளக் மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருந்தால் பாதி வழக்கு முடிந்தது. பிளக்குகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் மூன்றாம் கொயிலை இரண்டாம் இடத்திற்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள், ஆனால் பின்வரிசைக் கொயிலைப் பின்வரிசைக்குள்ளேயே மாற்றுங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் குற்றவாளி கொயில்.

பதில் 2 (தெஹிவளை)

கொட்டாஞ்சேனை நண்பர் கூறியவற்றை ஏற்கிறேன். ஆனால் கேள்வியில் இரண்டு வெவ்வேறு நடுக்கங்கள் கலந்திருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நிற்கும்போது வருவது ஒன்று. எடுக்கும்போது உதறுவது இன்னொன்று. ஜிடி1இன் சிவிடி (படிப்படியாக அன்றித் தொடர்ச்சியாக மாறும் ஓட்டோ) கியரில், இயந்திரச் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டோர்க் கொன்வேட்டர் கிடையாது. அதற்குப் பதிலாக எண்ணெயில் மூழ்கிய ஸ்டார்ட் கிளட்ச் ஒன்று இருக்கிறது. அதன் எண்ணெய் பழையதானால் வண்டி நகரத் தொடங்கும் நேரத்தில் உதறும், அதைப் பிளக்கால் தீர்க்க முடியாது.

பிரித்தறிவது எளிது. கியரை 'N' (நியூட்ரல்) நிலையில் வைத்தும் நடுங்கினால் அது இயந்திரத்தின் குறை. 'N' நிலையில் அமைதியாக இருந்து, பிரேக்கை மிதித்தபடி 'D' (டிரைவ்) நிலைக்குப் போட்டதும் நடுங்கினால் என்ஜின் மவுன்டிங் (இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர்) தேய்ந்திருக்கலாம். நிற்கும்போது ஒன்றுமில்லாமல், மெல்ல நகரும்போது மட்டும் உதறினால் ஸ்டார்ட் கிளட்ச். அதற்கு ஹொண்டா சிவிடிக்கென்றே உள்ள எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம். "எல்லா ஓட்டோவுக்கும் பொருந்தும்" என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் வேண்டாம்.

வால்வு இடைவெளியையும் மறந்துவிடக் கூடாது. இந்த இயந்திரத்தில் அது தானாகச் சரிசெய்துகொள்ளாது. எக்ஸோஸ்ட் வால்வு இறுகியிருந்தால் ஐடில் கெடும். எனினும் முதலில் எட்டு பிளக்குகளையும் முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். அதுவரை மிஸ்பயருடன் நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம். எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிட்டிக் கொன்வேட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கும். புகைப் பரிசோதனையில் ஹைட்ரோகார்பன் அளவும் கூடும்.

பதில் 3 (மருதானை)

பிளக் வாங்குவது பற்றிச் சில வார்த்தைகள். சாதாரண நிக்கல் பிளக்கே போதும் என்று பலர் சொல்வார்கள், முன்வரிசைக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வண்டியில் பிளக்கை விட அதை அடைவதற்கான உழைப்பே பெரியது. நிக்கல் போட்டால் அடுத்த சில ஆண்டுகளில் மீண்டும் வைப்பரைக் கழற்ற வேண்டும். இரிடியமாயின் ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றர் வரை தாங்கும். ஆகவே எட்டையும் இரிடியமாக ஒரே நேரத்தில் போடுங்கள், வரிசைக்கு ஒரு வகை வேண்டாம். இரிடியத்தின் முனை ஊசி போன்றது என்பதால் இடைவெளியைச் சரிசெய்கிறேன் என்று அதை நெம்பாதீர்கள்.

உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் போலிகளும் கலந்து விற்கப்படுகின்றன. பிளக்கின் கழுத்திலுள்ள வளையத்தைச் சுழற்றிப் பாருங்கள். அசலில் அது எளிதில் கழன்று வராது, போலியில் விரலோடு வந்துவிடும். எழுத்துகள் மங்கலாக இருந்தாலோ மைய முனை சற்றுச் சாய்ந்திருந்தாலோ வாங்காமல் திரும்பி வாருங்கள். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பின்வரிசைக் கொயிலையும் வாங்க வேண்டாம். எக்ஸோஸ்ட் சூட்டில் எத்தனை ஆண்டுகள் வெந்தது என்று எவருக்கும் தெரியாது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனரின் துணையுடன் வேலையைத் தொடங்கினேன். மூடியைத் தூக்கியதும் இரண்டு கை நிறைய அழுகிய இலைகள் கிடைத்தன; நீர் வடியும் துளை அடைபட்டு, மழைத் தண்ணீர் ஓரமாக வழிந்து கொயில்களின் மேல் விழுந்திருக்கிறது. பின்வரிசைப் பிளக்குகள் நான்கும் தேய்ந்து, 1.1 மில்லிமீற்றராக இருக்க வேண்டிய இடைவெளி 1.6 வரை அகன்றிருந்தது. மூன்றாவதின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகக் கரிய கோடொன்று ஓடியது. மின்பொறி கசிந்த அடையாளம் அது. அதன் கொயிலின் ரப்பர் குழலிலும் அதே தடம். எட்டு இரிடியமும், மூன்றாம் இடத்திற்குப் புதிய கொயிலொன்றும் போட்டேன். முன்பு மாற்றிய நான்கு பிளக்குகளும் நல்ல நிலையில் இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பற்றரியை இணைத்ததும் ஐடில் சற்று ஏறி இறங்கியது. சுமை எதுவும் இல்லாமல் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ரேடியேட்டர் விசிறி சுழலும் வரை பிடித்து, பின்னர் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டதும் அது சீரானது. இப்போது பம்பலப்பிட்டியில் நிற்கும்போது இயந்திரம் அணைந்துவிட்டதோ என்று சுற்றுமானி ஊசியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எடுக்கும்போது வரும் உதறல் மட்டும், தெஹிவளை நண்பர் சொன்னபடியே, போகவில்லை. அடுத்த வாரம் சிவிடி எண்ணெய் மாற்றுகிறேன். மூடியின் கிளிப்புகளில் ஐந்து உடைந்துவிட்டன. கிடைக்கும் வரை ஒட்டுப்பட்டி போட்டிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை

ஒட்டுப்பட்டி முதல் மழைக்கே கழன்றுவிடும், தண்ணீர் நேரே புதிய கொயிலின் மேல்தான் விழும். கிளிப்பை நாளைக்கே வாங்கிவிடுங்கள். பழையதில் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் கடையில் அளவு பார்த்துத் தருவார்கள்.