மறுமொழி: வண்டி வயர்லெஸ் கையேடு – குறுக்கீடா, இரைச்சலா?

அனைவருக்கும் வணக்கம்.

வண்டியில் பொருத்தும் இருவழி வானொலிக்குத் தமிழில் கையேடு எழுதும் நண்பர், வண்டியின் மின்கருவிகளால் வானொலியில் வரும் தொல்லைக்கு ‘மின் குறுக்கீடு’ என்று போடலாமா என்று கேட்டிருந்தார். அதற்குள் இடையீடு, ஊடுருவல், மின்காந்தத் தொல்லை என்று வரிசையாகச் சொற்கள் வந்து விழுந்துவிட்டன. எதுவும் தவறான சொல் இல்லை. ஆனால் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பவருக்கு இவை எந்தப் பக்கம் கையை விடுவது என்று சொல்வதில்லை. என் கவலை அதுதான்.

முதலில் குறுக்கீடு. பள்ளி இயற்பியல் புத்தகத்தில் ‘குறுக்கீட்டு விளைவு’ என்பது யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையோடு வருவது. இரண்டு அலைகள் சேர்ந்து ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்பது. வானொலிக்காரர்களோ இன்னொரு நிலையம் நம் அலைவரிசையில் ஏறிப் பேசினால் குறுக்கீடு என்கிறோம். இரண்டு வேலை ஏற்கெனவே அந்தச் சொல்லின் தலையில் இருக்கிறது. ஆல்டர்னேட்டரும் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவி) வைப்பர் மோட்டாரும் நம்மோடு பேச வரவில்லை. தங்கள் வேலையைப் பார்க்கும்போது சிந்துவது அது. அதற்கு ‘இரைச்சல்’ என்ற எல்லாருக்கும் தெரிந்த சொல் போதும்.

> ஆங்கிலக் கையேட்டில் கடத்தப்படும், கதிர்வீசப்படும் என்று இரண்டு வகை பிரித்திருக்கிறார்கள். அப்படியே ‘கடத்தல் குறுக்கீடு’, ‘கதிர்வீச்சுக் குறுக்கீடு’ என்று வைத்துக்கொண்டால் என்ன?

பிரிப்பு சரிதான், ஐயா. அது கட்டாயம் வேண்டும். வண்டிக்குள் இருக்கும் ஏற்பிகளை (ரிசீவர்களை) காப்பதற்கென்றே உள்ள சிஸ்பர் 25 (CISPR 25) என்ற பன்னாட்டுத் தரமும் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் அளக்கச் சொல்கிறது. சொற்கள்தான் உதைக்கின்றன. பேச்சில் ‘கடத்தல்’ என்றால் தங்கக் கடத்தல். ‘கதிர்வீச்சு’ என்றால் எக்ஸ்ரே அறை வாசலில் எழுதிவைத்திருப்பது. மெக்கானிக்கிடம் “உங்கள் வண்டியில் கதிர்வீச்சு இருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள், வண்டியை விட்டுத் தள்ளி நிற்பார்.

‘கம்பிவழி இரைச்சல்’, ‘அலைவழி இரைச்சல்’ என்பது என் முன்மொழிவு. இரைச்சல் எதிலிருந்து பிறந்தது என்பதைவிட எந்த வழியாக செட்டுக்குள் நுழைந்தது என்பதை வைத்துப் பெயர் சூட்டுவது மேல். மருந்து வழியைப் பொறுத்தது. பழுது பார்க்கையில் முதலில் தெரியவருவதும் வழிதான்.

சோதனை எளிது. என்ஜின் ஓடட்டும். செட்டில் ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்துவைக்கும் அமைப்பு) திறந்துவிட்டு, பின்னால் திருகியிருக்கும் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். கொய்ங் என்ற சத்தம் அப்படியே நின்றால் அது ஆன்டெனா வழியாக வந்தது, அலைவழி. கழற்றிய பிறகும் கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரியிலிருந்து வரும் வயரோடு ஏறி வருகிறது, கம்பிவழி. (கையேட்டில் தடித்த எழுத்தில் ஒரு வரி சேருங்கள்: ஆன்டெனா இல்லாமல் மைக் பொத்தானை அமுக்கக் கூடாது. அமுக்கினால் செட்டின் வெளியீட்டு நிலைக்கு ஆபத்து.) அதற்கும் முன்னால் என்ஜினையும் சாவியையும் முழுக்க அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். அப்போதும் கரகரவென்றால் வண்டியின் மேல் குற்றம் இல்லை. பெரும்பாலும் தலைக்கு மேல் போகும் மின்கம்பியில் எங்கோ ஓர் இன்சுலேட்டரில் பொறி அடிக்கிறது. வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் தெரிந்துவிடும்.

> ‘காற்றுவழி’ என்றால் இன்னும் எளிதாகப் புரியுமே?

புரியும். ஆனால் ரேடியோ அலைக்குக் காற்று தேவையில்லை என்று அடுத்த மடலிலேயே இயற்பியல் ஆசிரியர் ஒருவர் வந்து நிற்பார். ‘வான்வழி’யை விமானப் பயணம் எடுத்துக்கொண்டுவிட்டது. அலைவழி இருக்கட்டும்.

இனி, காதில் விழும் சத்தங்களுக்குப் பெயர். இங்கே நாம் கலைச்சொல் அகராதியைப் புரட்ட வேண்டியதே இல்லை. தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்கு என்ன பஞ்சம்? ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தச் சுருதி ஏறும் சத்தம் ஆல்டர்னேட்டருடையது. அதற்கு ‘சிணுங்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கிலச் சொல்லுக்கு நேர் சொல்தான், ஆனால் குழந்தை சிணுங்கினால் சுருதி ஏறி இறங்குவது என்ஜின் வேகத்தைப் பார்த்து இல்லை. ‘ஊளை’ பொருத்தம் என்று எனக்குப் படுகிறது: ‘ஆல்டர்னேட்டர் ஊளை’. ஹெட்லைட்டைப் போட்டால் ஆல்டர்னேட்டர் கூடுதல் மின்னோட்டம் கொடுக்க வேண்டியிருக்கும், ஊளையும் கூடும். கையேட்டில் இதையே அடையாளமாகச் சொல்லலாம்.

பட்பட்டென்று வெடித்து, என்ஜின் வேகத்தோடு நெருங்கி நெருங்கி வந்து, சாவியை அணைத்த நொடியில் நின்றுபோவது ஸ்பார்க் பிளக்குடையது. ‘பொறிப் படபடப்பு’ என்று வைக்கலாம். 1887-இல் ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை உண்டாக்கிக் காட்டியதே இரு உலோகக் குமிழ்களுக்கு நடுவில் பொறி பறக்கவிட்டுத்தான். ஆக ஒவ்வொரு பெட்ரோல் வண்டியும் உள்ளே ஒரு சிறிய ஒலிபரப்பியைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது. அதை அடக்கத்தான் பிளக்குக்குள்ளேயே சுமார் 5 கிலோ ஓம் மின்தடை வைக்கிறார்கள்; மின்தடை இல்லாத மலிவுப் பிளக்கை மாற்றிப் போட்டால் படபடப்பு திரும்ப வந்துவிடும். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பதால் அங்கே இந்தச் சத்தம் கேட்டால் இன்ஜெக்டர் வயர்களைச் சந்தேகிக்க வேண்டும். வைப்பர் போட்டால் மட்டும், ஏசி ஃபேன் ஓடினால் மட்டும் வரும் கரகரப்பு அந்தந்த மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பிறப்பது. இதற்குக் ‘கரகரப்பு’ போதும்.

நான் உண்மையில் சொல்ல வந்தது அடுத்தது. இதற்குத் தமிழில் சொல்லே இல்லை, ஆனால் இப்போது வண்டிகளில் அதிகம் வரும் தொல்லை இதுதான்: சத்தமே இல்லாத இரைச்சல்.

கண்ணாடிக்குக் கீழே ஒட்டிய டேஷ்கேம், சிகரெட் லைட்டர் துளையில் செருகிய யுஎஸ்பி சார்ஜர், ஹாலஜனை எடுத்துவிட்டுப் போட்ட எல்இடி பல்பு. இவற்றுக்குள் 12 வோல்ட்டை வேறு அளவுக்கு மாற்றும் சின்னச் சுற்று இருக்கிறது. அது விநாடிக்குப் பல லட்சம் தடவை மின்னோட்டத்தைத் திறந்து மூடும். அந்த அலைவெண்ணின் மடங்குகள் ஹாம்காரர்கள் பேசும் 144 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் பரவும். ஆனால் காதுக்கு ஒன்றும் தெரியாது. எஃப்எம் ஏற்பியில் சிக்னல் இல்லாதபோது ஸ்குவெல்ச்சைத் திறந்தால் எப்படியும் ஒரே அளவில் உஸ்ஸென்றுதான் இருக்கும். அடிமட்ட இரைச்சல் (பின்னணியில் எப்போதும் இருப்பது) ஏறினாலும் அந்த உஸ் அதிகமாகாது. ஸ்குவெல்ச் மூடியிருந்தால் செட் அமைதியாக, பார்க்க ஆரோக்கியமாக, உட்கார்ந்திருக்கும். தூரத்து ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) மட்டும் வராது. ஆள் ஆன்டெனாவைக் குறை சொல்வார், ரிப்பீட்டரைக் குறை சொல்வார், புது கேபிள் வாங்குவார்.

தூரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னல் ஒன்றைக் கேட்டுக்கொண்டே டேஷ்கேமின் பின்னைப் பிடுங்குங்கள். அதுவரை உஸ்ஸுக்குள் முங்கிக் கிடந்த குரல் சட்டென்று மேலே வந்தால் ஆளைப் பிடித்தாயிற்று.

> இதற்கு ‘உணர்திறன் இழப்பு’ என்று பொறியியல் அகராதி பாணியில் வைக்கலாம்.

வைக்கலாம். ஆனால் கருவியே பழுதாகி உணர்திறன் போய்விட்டதாக அது பொருள்படும். இங்கே கருவி நன்றாக இருக்கிறது. டேஷ்கேமை அணைத்தால் உடனே கேட்கிறது. ‘செவிமந்தம்’ என்று வைத்துப் பார்க்கிறேன். காது மந்தம் என்பது ஊரில் எல்லாரும் சொல்வதுதான்: முழுச் செவிடு இல்லை, பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசினால் கேட்கும், மெல்லப் பேசினால் கேட்காது. ஏற்பிக்கு நேர்வதும் அதேதான். “டேஷ்கேம் ஓடினால் செட்டுக்குச் செவிமந்தம்” என்றால் விளக்கவுரை வேண்டாம்.

மறுபக்கமும் ஒன்று உண்டு: நம் செட்டில் எதுவும் கேட்காது, ஆனால் எதிர்முனையில் இருப்பவர் “உங்கள் குரலோடு ஊளை சேர்ந்து வருகிறதே” என்பார். நாம் பேசும்போதுதான் அது மைக் வயரிலோ பவர் வயரிலோ ஏறிக் குரலோடு கலந்து போகிறது. ஆன்டெனாவைக் கழற்றும் சோதனையில் இது சிக்காது. தனிப் பெயர் வேண்டாம், இதையும் கம்பிவழியில் அடக்கிவிடலாம்.

அப்புறம் ‘புவி இணைப்பு’. தயவுசெய்து வண்டிக் கையேட்டில் அதைப் போடாதீர்கள். நாலு ரப்பர் டயர் மேல் நிற்கும் வண்டிக்குப் புவியோடு என்ன இணைப்பு? பட்டறையில் ‘பாடி எர்த்’ என்கிறார்கள். அதுவே இருக்கட்டும், அல்லது ‘உடற்தொடுப்பு’. 50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதன் பவர் வயரை டேஷ்போர்டு ஃபியூஸ் பெட்டியில் எங்காவது கொக்கி போடாமல் நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோக வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு. நெகட்டிவ் முனையில் மின்னோட்ட சென்சார் வைத்த புது வண்டிகளில் மட்டும் நெகட்டிவ் வயரை முனையில் மாட்டாமல், பேட்டரியின் சொந்த வயர் பாடியைத் தொடும் இடத்தில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் செட் இழுக்கும் மின்னோட்டம் சென்சாரின் கணக்கில் வராது.

பானட்டுக்கும் பாடிக்கும் நடுவில் போடும் செம்புப் பின்னலுக்குப் ‘பிணைப்பட்டை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அருமையான சொல், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பட்டை குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், தொடும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற குறிப்போடு. பெயிண்ட் மேலேயே போல்ட்டை முறுக்கிவிட்டுப் பட்டை போட்டாயிற்று என்பவர்கள் நிறையப் பேர். லேப்டாப் வயரில் கட்டி மாதிரி இருக்குமே, இரைச்சலை வயரிலேயே அடக்கும் அந்த ஃபெரைட்டுக்கு ‘ஃபெரைட் மணி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. டேஷ்கேமின் வயரில், டேஷ்கேமை ஒட்டினாற்போல் மாட்டச் சொல்லுங்கள். செட் பக்கத்தில் மாட்டினால், அதுவரை வரும் வயர் முழுவதும் ஆன்டெனாவாக அலைவழி இரைச்சலை வீசிக்கொண்டிருக்கும்.

கையேட்டின் அந்தப் பத்தியை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

“ஆன்டெனாவைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் அது அலைவழி இரைச்சல்: பிணைப்பட்டை, மின்தடையுள்ள பிளக், ஃபெரைட் மணி ஆகியவற்றைப் பாருங்கள். நிற்காவிட்டால் கம்பிவழி இரைச்சல்: பவர் வயர் நேராகப் பேட்டரிக்குப் போகிறதா, உடற்தொடுப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரைச்சலே இல்லாமல் தூரத்து நிலையங்கள் மட்டும் கேட்காவிட்டால் செவிமந்தம்: வண்டியில் செருகியுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.”

செவிமந்தத்தைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். ஸ்குவெல்ச்சுக்கு ‘இரைச்சல் தாழ்’, ‘ஒலிமடை’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு மடை பிடித்திருக்கிறது, ஆனால் அதைத் தனி இழையில் பேசுவோம்.