எழுதி வைத்தால் புயல் நிற்குமா?

அண்டிக்காரன்:
குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் 60 பேர் வேலை பார்க்கும் சின்ன அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, என்னுடையது. ஏழெட்டுப் பேர் தவிர எல்லோரும் பெண்கள். முந்திரிப் பருப்பு வாங்கும் பார்ட்டி ஒருவர், அவசரகாலத் திட்டம் எழுத்தில் இருந்தால்தான் அடுத்த ஆர்டர் என்கிறார். எழுதித் தர ஒருத்தர் 40,000 ரூபாய் கேட்கிறார். மாதிரிக்குக் காட்டிய ஃபைலில் 80 பக்கம். பனி கொட்டினால் என்ன செய்வது என்றுகூட ஒரு பக்கம் இருக்கிறது. கருங்கல்லில் பனி! இதற்குப் பணம் கொடுக்கலாமா?

ரப்பர்பால்:
கொடுக்காதீர்கள் அண்ணாச்சி. அந்தக் காசுக்கு ஜெனரேட்டரைச் சரிபார்த்து டீசல் வாங்கி வையுங்கள். குலசேகரத்தில் எனக்கு ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட் இருக்கிறது. ஒக்கிப் புயலில் கூரையும் போனது, மரமும் போனது. எந்த ஃபைல் தடுத்திருக்கும்? 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலம் என்றார்கள், மறுநாள் காலையில் புயல். இங்கே கரையைக் கடக்கக்கூட இல்லை, பக்கத்தில் போனதற்கே அந்தக் கதி. 80 பக்கத்தைப் புரட்ட நேரம் எங்கே இருந்தது? நம்ம ஆட்கள் அந்தந்த நேரத்தில் சமாளித்துக்கொள்வார்கள்.

தக்கலைக்காரி:
சமாளித்தோம், சரி. எப்படி என்று சொல்கிறேன். அப்போது நான் ஒரு சின்ன கடன் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஜெனரேட்டர் இருந்தது. இரண்டாம் நாள் டீசல் தீர்ந்தது. பங்கில் டீசல் கிடந்தது, ஆனால் கரண்ட் இல்லாமல் பம்ப் ஓடவில்லை. அப்புறம் டவர்கள் அணைந்து போனும் செத்தது. பணப்பெட்டியைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று மேனேஜரிடம், அவர் திருநெல்வேலியில் மாட்டிக்கொண்டார். இன்னொன்று கேஷியரிடம். அவர் வீட்டு ஓடு பறந்து, பிள்ளைகளோடு ஏதோ பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். எந்தப் பள்ளிக்கூடம் என்று யாருக்கும் தெரியாது. அவர் வீட்டு முகவரியாவது கிடைக்குமா என்றால், அது கம்ப்யூட்டருக்குள். நான்கு நாள் ஒருத்தருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க முடியவில்லை. வாசலில் நின்றவர்கள் கேட்டது அவர்கள் போட்ட பணத்தை, தார்ப்பாய் வாங்க.

ரப்பர்பால்:
இது சாவிப் பிரச்சினை அக்கா. ஒரு டூப்ளிகேட் செய்திருந்தால் முடிந்தது.

தக்கலைக்காரி:
அந்த டூப்ளிகேட் யாரிடம், அவரும் வரவில்லையென்றால் யார் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதைத்தான் நான் திட்டம் என்கிறேன். நீங்கள் ஜெனரேட்டர் வாங்கச் சொல்கிறீர்கள். அதை ஓட்டத் தெரிந்த பையன் வீட்டுக் கூரையும் அதே காற்றில்தானே போகும்?

குளச்சல் ஐஸ்:
இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை உண்டு. எங்கள் ஐஸ் பிளாண்டில் அமோனியா ஓடுகிறது. முன்பு ஒரு திட்டம் எழுதி, கசிந்தால் எல்லோரும் கிழக்குப் பக்கத் தென்னந்தோப்பில் கூட வேண்டும் என்று சுவரில் ஒட்டினோம். ஒட்டியது ஐப்பசியில், வாடை அடித்துக்கொண்டிருந்தபோது. ஆடியில், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் ஒரு வால்வு கசிந்தது. சுவரில் எழுதியதை நம்பித் தோப்புக்கு ஓடியவர்கள் மேல்தான் புகை முழுக்கப் போனது. நல்லவேளை, கண் எரிச்சலோடு தப்பினார்கள். எழுதாதவன்கூட மூக்கு காட்டிய வழியில் ஓடியிருப்பான். இப்போது மாடியில் ஒரு துணிக்கொடி, கூடுவதற்கு இரண்டு இடம். கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்றுக்குக் குறுக்கே விலகி, அது வரும் பக்கம் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓடிப் பார்க்கிறோம். ஓடிப் பார்க்காத திட்டம் இல்லாத திட்டத்தைவிட மோசம்.

ரப்பர்பால்:
நான் சொன்னதையேதான் நீங்களும் சொல்கிறீர்கள்!

குளச்சல் ஐஸ்:
இல்லை, காகிதம் வேண்டும். ஆனால் ஒரே பக்கம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077 அதில் இருக்கட்டும். போன் செத்தால் யார் நடந்து போய்ச் சொல்வது என்பதும் இருக்கட்டும். எங்களுக்குப் பள்ளி மணியும் மைக்கும் உண்டு. பாதையும் இரண்டு எழுதுங்கள். சுனாமியில் கீழமணக்குடிப் பாலமே போனது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. வேலை நாளில்தான் ஆபத்து வரும் என்று நினைத்து எழுதாதீர்கள்.

ரப்பர்பால்:
சரி, ஒன்று கேட்கிறேன். அண்டி உடைக்கும் பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. மணி அடித்து அரைமணி நேரம் வெளியே நிறுத்தினால் அந்தக் கூலி யார் கையிலிருந்து போகிறது? பயிற்சி பயிற்சி என்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

தக்கலைக்காரி:
இது நியாயமான கேள்வி. இதை நான் யோசிக்கவில்லை.

அண்டிக்காரன்:
அரைமணிக் கூலியை நான் கொடுத்துவிடுகிறேன், 40,000-க்கு அது எத்தனையோ மடங்கு குறைவு. எனக்குப் புயலைவிடத் தீதான் பயம். அண்டித் தோட்டில் இருக்கிற எண்ணெய் பற்றினால் லேசில் அணையாது. வறுக்கிற இடம் முன்வாசல் பக்கம். அப்படியானால் எல்லோரும் பின்கேட் வழியாகத்தான் வர வேண்டும்.

ரப்பர்பால்:
பின்கேட் திறந்திருக்குமா அண்ணாச்சி?

அண்டிக்காரன்:
பருப்பு வெளியே போய்விடும் என்று பூட்டித்தான் வைப்பேன்.

ரப்பர்பால்:
சாவி?

அண்டிக்காரன்:
என்னிடம். நான் வாரத்தில் இரண்டு நாள் கொல்லத்தில் இருப்பேன்.

தக்கலைக்காரி:
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அண்டிக்காரன்:
இப்போதுதான் டார்ச் எடுத்துக்கொண்டு போய்த் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். துரு ஏறியிருக்கிறது. தேங்காயெண்ணெய் விட்டும் திறக்க இருபது நிமிஷம் ஆனது. நாளைக்குப் பூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து யாரும் தள்ளித் திறக்கிற மாதிரி கொண்டி போடச் சொல்கிறேன். பருப்பு போனால் போகட்டும். அந்த ஒரு பக்கத்தை யாராவது மாதிரிக்கு இங்கே போடுங்கள், பனி இல்லாமல்.