தை அமாவாசைக்கு அத்தையோட ராமேஸ்வரம் வர்றோம், 22 தீர்த்தமும் ஆட முடியுமா?

ஈரோடு மருமகள்:
மாமா தவறி வர்ற தை அமாவாசையோட ஒரு வருஷம் ஆகுது. திதி கொடுத்துட்டு 22 தீர்த்தமும் ஆடணும்னு அத்தை பிடிவாதமா இருக்காங்க. வயசு 71, போன வருஷம்தான் முட்டி ஆபரேஷன் ஆச்சு. ரெண்டு நாள் தங்குறோம். தேவிபட்டினம், உத்தரகோசமங்கையும் பார்க்கணும். குளிச்ச துணியைக் கடல்லயே விட்டுட்டு வரணும்னு எங்க ஊர்ல சொல்றாங்க, அது கட்டாயமா?

தீவுக்காரி:
நான் ராமேஸ்வரத்துல பிறந்து இங்கேயே வாக்கப்பட்டவ. அப்பா கோயில்ல தீர்த்தம் இறைச்சவர், வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர். அதனால ரெண்டு பக்கமும் சொல்றேன்.

முதல்ல துணி. தயவுசெஞ்சு கடல்ல விடாதீங்க அக்கா. கோயிலுக்கு எதிர்ல இருக்கிற கடலைத்தான் அக்னி தீர்த்தம்னு சொல்வோம், அங்க விடுற துணி அங்கேயே கிடக்காது, நீரோட்டம் இழுத்துட்டுப் போயிரும். போன ஐப்பசியில வீட்டுக்காரர் வள்ளத்துல இன்ஜினோட சுத்துற விசிறியில ஒரு நைலான் சேலை சுத்தி இன்ஜின் நின்னு போச்சு. கத்தியை வாயில கவ்விக்கிட்டு முங்கி முங்கி அறுத்தாங்க. ஜரிகை விசிறிக்குள்ள கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்துச்சாம். வீட்டுக்குக் கொண்டு வந்த துண்டுல மஞ்சள் கறை அப்படியே இருந்துச்சு. யாரோ ஒருத்தங்க அவங்க அம்மாவை நினைச்சு விட்ட சேலையா இருக்கும். கோபப்பட முடியலை, அழுகைதான் வந்துச்சு. ஈரத்துணியைப் பிழிஞ்சு ஒரு பையில போட்டு ஊருக்கே கொண்டு போங்க. எள்ளும் தண்ணியும் இறைச்சா மாமாவுக்குப் போய்ச் சேரும்.

தீர்த்தம்: கடல்ல முங்கிட்டு, கோயிலுக்குள்ள மகாலட்சுமி தீர்த்தத்துல ஆரம்பிச்சு கோடி தீர்த்தத்துல முடிப்பாங்க. கிணறு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் இருக்கு. நடக்குற தூரத்தைவிட ஈரக்கல்லுதான் பயம். அத்தனை பேர் மேல ஊத்துற தண்ணியும் தரையிலதான் ஓடும். இறைக்கிறவர் கிணத்துச் சுவர் மேல நின்னு வாளியை விட்டு ஒரே இழுப்புல தூக்கி வேகமா ஊத்துவார். முட்டி ஆபரேஷன் ஆனவங்க அந்த வேகத்துல தடுமாறிருவாங்க. “ஐயா, உள்ளங்கையில ஊத்துங்க, தலையில தெளிச்சுக்கிறோம்”னு முன்னாடியே சொல்லிருங்க. எங்கப்பா வயசானவங்களுக்கு அப்படித்தான் செய்வார், அதனால புண்ணியம் குறையாதுன்னும் சொல்வார். டிக்கெட்டைக் கவுன்ட்டர்லயே வாங்குங்க. வாசல்ல வழிமறிச்சு “சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்”னு சொல்றவங்களுக்குக் காசு கொடுக்காதீங்க.

ஈரத்துணியோட சாமி கும்பிட விடமாட்டாங்க. மாத்துத்துணி கையில இருக்கட்டும். செல்போன் உள்ள கொண்டு போகக் கூடாது, ரூம்லயே வச்சுருங்க.

இன்னொண்ணு, தை அமாவாசை அன்னைக்குக் கூட்டம் லட்சக்கணக்குல வரும். கடற்கரையில நிக்க இடம் இருக்காது, வண்டியையும் தூரத்துலயே நிறுத்திருவாங்க. திதியை அன்னைக்குக் கொடுத்துட்டு, தீர்த்தத்தை மறுநாள் காலையில வச்சுக்கோங்க. முடிச்சுட்டு மூணாம் பிரகாரத்துல அத்தையைக் கொஞ்ச நேரம் உட்கார வைங்க. சேதுபதி மன்னர்கள் கட்டினது, 1212 தூண். ஒரு மூலையில நின்னு பார்த்தா தூண் வரிசை சிறுத்துக்கிட்டே போய் ஒரு புள்ளியில முடியும். இங்க வர்றவங்க பாதிப் பேர் ஓட்டமும் நடையுமா இதைத் தாண்டிப் போயிடுறாங்க. எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

பரமக்குடி வாசகன்:
உத்தரகோசமங்கையை ஊர் திரும்புறப்ப வச்சுக்கோங்க, ராமநாதபுரம் வந்துதான் போகணும். மரகத நடராஜர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்புலதான் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் களைவாங்க, அதனால தையில போய்ப் பச்சை மேனியைத் தேடாதீங்க. மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பம் பாடின ஊர். தலவிருட்சமான இலந்தை மரத்தடியிலயும் கொஞ்சம் நின்னுட்டு வாங்க.

தேவிபட்டினத்துல நவபாஷாணத்துக்கு, அதாவது நவக்கிரகமா கும்பிடுற கல்லுகளுக்கு, நடைபாலம் இருக்கு, அத்தை நடந்துடுவாங்க. ஒன்பது கல்லும் கடலுக்குள்ள நிக்குது. தண்ணி ஏறியிருந்தா சரியாத் தெரியாது, தண்ணி வத்துற நேரம் எப்பன்னு அங்க உள்ளவங்ககிட்ட கேட்டுட்டுக் கிளம்புங்க. அங்கயும் துணியைப் போட்டுராதீங்க.

ஈரோடு மருமகள்:
தீவுக்காரி அக்கா, நீங்க எழுதினதை அத்தைகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அந்த மஞ்சள் கறை விஷயத்துல பேச்சில்லாம உட்கார்ந்துட்டாங்க. “சேலையை வீட்டுக்கே கொண்டு வந்துருவோம்”னு அவங்களே சொன்னாங்க. தனுஷ்கோடியும் போகலாமா?

தீவுக்காரி:
போங்க. ஆனா வெயிலுக்கு முன்னாடி காலையிலயே போங்க, தனுஷ்கோடி கடைசியில இருக்கிற அரிச்சல்முனையில நிழல் கிடையாது. 1964 புயல்ல இடிஞ்ச சர்ச் சுவரைப் பார்க்கலாம், ஏறி நின்னு போட்டோ எடுக்காதீங்க. அத்தைக்குக் குளிக்கப் பருத்திச் சேலை கொண்டு வாங்க. பாலியஸ்டர் நனைஞ்சா காலைச் சுத்திக்கிட்டு நடக்க விடாது.